கல்லாவில் கை வைத்தவர்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘ஓட்டல் தொழிலில் வெற்றி பெறுவது எப்படி?’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். வெற்றியைப் பற்றிப் பேச நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் திருட்டைப் பற்றிப் பேசுகிறேனே என்றேன். செயலாளர் போனிலேயே சிரித்தார். “அண்ணே, அதை மலர்ல போடலாமா?” என்று கேட்டார். போடலாம். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டலிலேயே கிடந்தவனுக்கு வேறு என்ன தெரியும்?

நான் 1975-78 பி.காம். பட்டம் வாங்கி மறு வருஷமே மதுரையில் ஒரு ஓட்டலில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். கீழே சைவச் சாப்பாடு, மேலே லாட்ஜ். பிறகு மேனேஜர் ஆனேன். இப்போது சொந்தமாக ஒரு சின்ன மெஸ்.

காமர்ஸ் மாணவர்களுக்கு ஒரு விஷயம். ஓட்டலில் பணம் போகிற வழியை நம் ஆடிட்டிங் புத்தகத்தில் தேடாதீர்கள். நெய் டிபன் கேரியரின் அடித்தட்டில் போகும். முந்திரிப் பருப்பு பத்துக் கிலோ என்று பில் வரும், தராசில் ஒன்பதுதான் இருக்கும், மீதி ஒரு கிலோ ஸ்டோர் கீப்பருக்கும் சரக்குப் போடுகிறவருக்கும் பாதிப் பாதி. லாட்ஜில் ரூமை நாலு மணி நேரத்துக்கு விட்டுவிட்டு ரிஜிஸ்டரில் எழுதாமல் படுக்கை விரிப்பை மட்டும் மாற்றி வைப்பார்கள். பில் போடாமல் பார்சல் பின்வாசல் வழியாகப் போகும். கல்லாவில் உட்காருகிறவர் சில்லறை இல்லை என்று சொல்லியே மாதம் ஒரு தொகை பார்த்துவிடுவார். இப்போது க்யூ.ஆர். அட்டை வந்துவிட்டது. கடை அட்டைக்கு மேலே தன் அட்டையை ஒட்டி வைக்கிற கெட்டிக்காரர்களும் வந்துவிட்டார்கள். கேமரா கையைத்தான் பார்க்கும், கணக்கைப் பார்க்காது.

இதற்கு மருந்து புதிதாக ஒன்றும் இல்லை. பில்லுக்கு வரிசை எண், சொல்லாமல் கொள்ளாமல் கல்லாவை எண்ணுவது, ஒரு கிலோ உளுந்துக்கு எத்தனை வடை வந்தது, அதில் எத்தனை பில்லில் ஏறியது என்று தினமும் ஒத்துப் பார்ப்பது. இவ்வளவுதான். பிடிப்பது கஷ்டமே இல்லை. பிடித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

1983-ல் நடந்தது. எங்கள் கல்லாவில் உதவிக்கு ஒரு பையன் இருந்தான், வயது பத்தொன்பது. ஒருநாள் இரவு கணக்கில் 640 ரூபாய் குறைந்தது. அவன் பெட்டியில் இருந்து எடுத்தேன். முதலாளி என்னைப் பார்த்தார். நான் புது மேனேஜர், கண்டிப்பானவன் என்று காட்ட வேண்டிய நேரம். பையன் காலில் விழுந்தான். போலீசில் எழுதிக் கொடுத்தேன். வேலைக்காரன் முதலாளியிடம் திருடினால் அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 381-வது பிரிவு, ஏழு ஆண்டு வரை போடலாம். அவனுக்கு வக்கீல் கிடையாது. குற்றத்தை ஒப்புக்கொண்டான். மூன்று மாதம்.

ரொம்ப நாள் கழித்து, வக்கீலாக இருக்கும் நம் வகுப்புத் தோழன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “ஏண்டா, நன்னடத்தைச் சட்டம்னு ஒண்ணு இருக்கே, யாரும் கேட்கலையா?” என்றான். 1958-ல் வந்த சட்டம் அது. முதல் தடவை இந்த மாதிரித் திருட்டில் மாட்டியவரைக் கண்டித்து அனுப்பக்கூட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, 3-வது பிரிவு. இருபத்தோரு வயதுக்குக் கீழே இருந்தால், ஏன் நன்னடத்தையில் விட முடியாது என்று காரணம் எழுதாமல் ஜெயிலுக்கு அனுப்பவே கூடாது, 6-வது பிரிவு. நான் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனபோது அந்தச் சட்டத்துக்கே இருபத்தைந்து வயது ஆகியிருந்தது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. சாட்சியாக நான் கோர்ட்டில்தான் இருந்தேன், எனக்கும் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து அவனைக் காய்கறி மார்க்கெட்டில் பார்த்தேன், தலையில் மூட்டை. எந்த ஓட்டலிலும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். “தம்பி” என்று கூப்பிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வராததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன். சொல்லலாமா வேண்டாமா என்று நேற்று வரை யோசித்தேன். என் மனைவி, “இத்தனை வயசுக்கு மேல உங்களை யாரு என்ன பண்ணப் போறாங்க?” என்றாள்.

நம் விடுதியில் அப்போது டிவைடிங் சிஸ்டம். மாதம் ஆன செலவைச் சாப்பிட்ட நாளால் வகுத்து எல்லோரும் கட்டுவோம். 1977-ல் நான் மெஸ் செயலாளர். அதிகாலையில் சைக்கிளில் போய்க் காய் வாங்கி வருவது என் வேலை. கத்தரிக்காய் கிலோவுக்குப் பத்துக் காசு கூட்டி எழுதினேன். பிறகு தேங்காயில். பிறகு எல்லாவற்றிலும். இங்கே உட்கார்ந்திருக்கும் என் நண்பர்களே, நீங்கள் கட்டிய மெஸ் பில்லில்தான் நான் கை வைத்தேன்.

வீட்டுக் கஷ்டம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அது இல்லை. ஒரு டெர்லின் சட்டை, கொஞ்சம் சினிமா. அவ்வளவுதான்.

துணை வார்டன் சார் ஒருநாள் அவரே மார்க்கெட்டுக்குப் போய் விலை கேட்டிருக்கிறார். ஒரு வாரம் போயிருக்கிறார், எனக்குத் தெரியாது. அப்புறம் அறைக்குக் கூப்பிட்டு, ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிய கணக்கை என் முன்னால் தள்ளினார். “கூட்டிப் பாரு” என்றார். கூட்டினேன். அந்த ஒரு வாரத்தை வைத்து நானே பழைய நாட்களையும் சேர்த்துச் சொன்னேன். மொத்தம் 86 ரூபாய்.

அவர் முதல்வரிடம் போயிருந்தால் நான் அன்றைக்கே ஊருக்குப் பஸ் ஏறியிருப்பேன். போகவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. மாதம் பத்து ரூபாய் கட்டச் சொன்னார். வீட்டில் கேட்கக் கூடாது, சம்பாதித்துக் கட்ட வேண்டும் என்றார். கல்லூரிக்குப் பின்தெருவில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். எட்டு மாதம் பத்துப் பத்தாகவும் ஒன்பதாம் மாதம் ஆறு ரூபாயும் கட்டினேன். ‘மெஸ் வரவு, பழைய பாக்கி’ என்று எழுதிக்கொண்டார். யாருடைய பாக்கி என்று எழுதவில்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. என்னைச் செயலாளர் பதவியிலிருந்து அவர் எடுக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மார்க்கெட்டுக்கு என்னோடு இன்னொரு மாணவன் வந்தான், பில்லில் இரண்டாவது கையெழுத்து அவனுடையது. எனக்கு முதலில் அவமானமாக இருந்தது. ஒரு மாதம் போனதும் நிம்மதியாகிவிட்டது. நினைத்தாலும் எடுக்க முடியாது, பாருங்கள். அந்த நிம்மதியை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

இவ்வளவையும் வாங்கிக்கொண்ட நான்தான் ஆறு வருஷம் கழித்து ஒரு பையனை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தவன்.

அடுத்தது 1996. எங்களிடம் பத்து வருஷத்துக்கு மேல் இருந்த சர்வர் ஒருவர். காலையில் பாதிப் பேர் சாப்பிடுவது இரண்டு இட்லி, ஒரு வடை, காபி. ஒருவருக்குப் போட்ட பில்லை வைத்துக்கொண்டு, அதையே சாப்பிட்ட இன்னொருவரிடம் காட்டிக் காசு வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். வடைக் கணக்கு தினமும் உதைத்தது. கடைசியில் காட்டிக் கொடுத்தவர் ஒரு வாடிக்கையாளர். “ஏம்ப்பா, நான் சாம்பார் ஊத்திக்கவே இல்லை, பில்லுல எப்படி சாம்பார் வந்துச்சு?” என்றார்.

மூன்று மாதத்தில் 4,200 ரூபாய். உட்கார வைத்துக் கேட்டேன். மகள் பிரசவத்துக்குக் கந்து வட்டிக்கு வாங்கியிருக்கிறார், நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்ததே 2003-ல்தான். “எங்கிட்ட ஏன் கேட்கலை?” என்றேன். “எப்படி சார் கேட்கிறது?” என்றார்.

டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர், நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடி ஜெயிலுக்குப் போனவர்களைச் சந்தித்து 1953-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டது மூன்று. யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பணச் சிக்கல், எடுக்க ஒரு வசதி, ‘இது திருட்டு இல்லை, திருப்பி வைத்துவிடுவேன்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஒரு சமாதானம். நான் இதைப் பின்னால்தான் படித்தேன். படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த “எப்படி சார் கேட்கிறது?”தான். டெர்லின் சட்டைக்காரன் இதில் எங்கே வருவான் என்பதும் யோசனையாக இருந்தது.

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. “ருசி கண்ட பூனைப்பா, உறியை எட்டி எட்டித்தான் பார்க்கும்” என்றார். மறுபடி நடந்தால் என் சம்பளத்தில் பிடியுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். சர்வரை டிபன் பக்கத்திலிருந்து எடுத்து, டோக்கன் வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சாப்பாடு பரிமாறும் பக்கம் போட்டோம். அங்கே அவர் கையில் காசு வராது. மாதம் 200 ரூபாய் வீதம் இருபத்தொரு மாதத்தில் தீர்ந்தது. நான் அந்த ஓட்டலை விட்டு வரும்வரை அவர் இருந்தார். அவரால் ஒரு ரூபாய் குறைந்ததில்லை.

இங்கேயே நிறுத்தினால் கைதட்டுவீர்கள். ஆனால் 2001-ல் ஸ்டோர் கீப்பர் ஒருவருக்கும் இதே மாதிரி வாய்ப்புக் கொடுத்தேன். நல்லவர், படித்தவர், அழுதார். இடம் மாற்ற வேறு ஆள் இல்லை என்று அதே சாவியை அவரிடமே கொடுத்தேன். எட்டாவது மாதம் நெய்யிலும் முந்திரியிலும் முன்னைவிடப் பெரிய தொகை போயிற்று. இந்தத் தடவை சரக்குப் போடுகிறவரும் கூட்டு. என் சம்பளத்தில் பிடித்தார்கள், அவர் மேல் புகாரும் கொடுத்தேன். அவர் செய்தது அவர் குற்றம். அதே சாவியைக் கொடுத்தது என் குற்றம். துணை வார்டன் சார் என்னோடு ஒரு ஆளை அனுப்பினாரே, அதை நான் மறந்துவிட்டேன்.

அப்போது பாத்திரம் கழுவுகிற அக்கா ஒருவர் கேட்டதற்கு நான் இன்றைக்கும் சரியாகப் பதில் சொன்னதில்லை. “திருடுனவருக்குத் தவணை குடுக்கிறீங்க, இடம் மாத்திக் குடுக்கிறீங்க. திருடாம இருந்த எனக்குப் போன மாசம் ஐந்நூறு ரூவா முன்பணம் கேட்டதுக்கு இல்லைன்னீங்களே சார்?” என்றார். சமையல்கட்டே அமைதியாகிவிட்டது.

அதன் பிறகுதான் ஊழியர்களுக்குள் ஒரு கைமாற்று நிதி ஆரம்பித்தோம். ஆளுக்கு மாதம் பத்து ரூபாய், அதே அளவு முதலாளி போடுவார். வட்டி கிடையாது. யாருக்குக் கொடுப்பது என்று அவர்களே மூன்று பேர் தீர்மானிப்பார்கள், நான் கேட்கக்கூட மாட்டேன். முதல் கடன் அந்த அக்காவுக்குத்தான் போயிற்று. நிதி வந்த பிறகு திருட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. ஆனால் ‘எப்படி சார் கேட்கிறது’ என்று அப்புறம் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

இப்போது மாணவர்களிடம் இரண்டு வார்த்தை. நீங்கள் நாளைக்கு மனிதவள அதிகாரியாகப் போகிறீர்கள். விண்ணப்பத்தில் ‘உங்கள் மேல் வழக்கு உண்டா?’ என்று ஒரு கட்டம் இருக்கும். ‘உண்டு’ என்று எழுதியவரின் தாள் மேலே வராது. நன்னடத்தைச் சட்டத்தின் 12-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். அந்தச் சட்டப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையோடு ஒட்டி வரும் தகுதி இழப்பு கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இன்னொரு படி போயிருக்கிறார்கள். 5,000 ரூபாய்க்குக் குறைவான திருட்டு, முதல் தடவைத் தண்டனை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. வேலைக்காரர் முதலாளியிடம் திருடுவதற்கு 306 என்று தனிப் பிரிவு இருக்கிறது, அதில் ஏழு ஆண்டு வரை என்பது மாறவில்லை.

சட்டம் வெளியே அனுப்பிவிடும், சரி. வேலை யார் கொடுப்பது? இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் ஒரு சிறைக்குள்ளேயே 2009-ல் ‘தி கிளிங்க்’ என்று ஓட்டல் திறந்தார்கள். சமைப்பதும் பரிமாறுவதும் கைதிகள், சாப்பிடுவது வெளியிலிருந்து வருகிற பொதுமக்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோவையிலும் பாளையங்கோட்டையிலும் சிறைத்துறை பெட்ரோல் பங்க்கில் கைதிகள்தான் பெட்ரோல் போடுகிறார்கள், காசு வாங்குகிறார்கள். நம்மில் பலர் அங்கே டேங்கை நிரப்பிக்கொண்டு சில்லறையை எண்ணாமல்கூடப் பையில் போட்டிருப்போம்.

என் மெஸ்ஸில் மொத்தம் பதினோரு பேர். அதில் இருவர் நன்னடத்தை அலுவலர் மூலமாக வந்தவர்கள். யார் அந்த இருவர் என்று மற்ற ஒன்பது பேருக்கும் தெரியாது. ஒருவருக்குக் கல்லா கிடையாது, இன்னொருவருக்கு ஸ்டோர் சாவி கிடையாது, இப்போதைக்கு. மூன்றாவது ஆள் ஒருவர் வரத் தயாராக இருக்கிறார், ஆனால் என் மெஸ்ஸில் இடம் இல்லை. நம் சங்கத்தில் ஓட்டல், கேட்டரிங், மில் வைத்திருப்பவர்கள் எட்டுப் பேராவது இங்கே இருக்கிறீர்கள், எண்ணிவிட்டேன்.

அப்புறம் அந்த 86 ரூபாய். அசல்தான் கட்டினேன், வட்டி கட்டவில்லை. இன்று காலை விடுதிக் காப்பாளரைப் பார்த்து ஒரு கவர் கொடுத்திருக்கிறேன். அவர் ரசீது போட, என்ன கணக்கில் எழுதுவது என்று கேட்டார். ‘பழைய பாக்கி’ என்றேன்.

சாப்பாடு தயார் என்று சமையல்கட்டிலிருந்து கை காட்டுகிறார்கள். அந்த எட்டுப் பேரில் யாராவது என் பக்கத்து இலையில் உட்கார்ந்தால் மேற்கொண்டு பேசலாம்.