பழைய இரும்பும் புதிய வேகமும்

மோட்டார் வண்டியை வாங்குவோர் பலர், ஓட்டுவோர் பலர், தம் கையாலேயே ஆக்கிக்கொள்வோர் மிகச் சிலர். அச்சிலருள்ளும் தனித்து நிற்பவர் அமெரிக்க நாட்டின் கலிபோர்ணியா மாநிலத்திலே தோன்றிய ‘ஹொட் றொட்’ வண்டிக்காரர். பழைய வண்டியொன்றைப் பகுதி பகுதியாகக் கழற்றி, வேண்டாதவற்றை நீக்கி, வலிய எஞ்சினைப் பொருத்தி, வேகத்துக்கென்றே மறுபிறப்பு அளித்த வண்டிக்கு ஹொட் றொட் என்று பெயர். இப்பெயர் 1945 ஆம் ஆண்டை ஒட்டியே வழக்கில் வந்தது; ஆயின் அத்தொழில் அதற்கு முன்னரே வேரூன்றிவிட்டது. அவ்வண்டி ஆக்கப்படுவது எவ்வாறு, அதனை ஆக்கப் புகுந்த இளைஞர் கற்றுக்கொண்டது யாது என்பனவே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கன.

இக்கலைக்கு வித்திட்டவர் ஹென்றி போர்ட் எனலாம். ஆனால் அவர் அதனை எண்ணிச் செய்தாரல்லர். 1908 முதல் 1927 வரை அவருடைய தொழிற்சாலைகளிலிருந்து ‘மொடல் ரி’ வண்டிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் வெளிவந்தன. ஏறத்தாழ 20 பரிவலு கொண்ட எளிய வண்டி அது. சாவியும் சுத்தியலும் கையாளத் தெரிந்த எவனும் அதனைக் கழற்றிப் பூட்டலாம். அதன் பின் ‘மொடல் ஏ’ வந்தது. 1932 இலே, எட்டு உருளைகளை ‘வி’ வடிவில் அமைத்து, அவையனைத்தையும் ஒரே வார்ப்பாக வார்த்த எஞ்சினைப் போர்ட் நிறுவனம் வெளியிட்டது. அதன் கொள்ளளவு 221 கன அங்குலம். வலு 65 பரிவலு. எட்டு உருளை எஞ்சின் அதுவரை பெரும்பாலும் செல்வர் வீட்டு வண்டிகளுக்கே உரியதாயிருந்தது. போர்ட்டின் வண்டியோ ஐந்நூறு டொலருக்கும் குறைந்த விலையில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகள் கழிய, அவ்வெஞ்சின்கள் பழைய இரும்பு விற்போரிடமும் கிடைக்கலாயின. பணமில்லாத, ஆனாற் கைத்திறன் மிக்க இளைஞர்க்கு அதுவே புதையலாயிற்று.

ஓடுவதற்கு வேண்டிய இடத்தை இயற்கையே தந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கே மொஹாவிப் பாலைநிலம் கிடக்கின்றது. அங்கே நீர் வற்றிய ஏரிகள் பல உண்டு. மாரியிலே பெய்யும் சிறு மழை களிமண்ணின்மேற் பரவி நின்று, பின்னர் வெயிலில் உலர்ந்து, மைற் கணக்காக மேசைபோன்ற சமதரையை விட்டுச் செல்லும். மியூறொக், றொசமண்ட், எல் மிறாஜ் என்பன அத்தகைய ஏரிகள். 1937 இலே இளைஞர் கழகங்கள் பல ஒன்றுகூடித் தென் கலிபோர்ணிய நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின. ஒவ்வொரு வண்டியின் வேகத்தையும் கருவி கொண்டு அளந்து பதிவு செய்வது அதன் பணி. விக் எடல்புறொக் என்பாருடைய 1932 ஆம் ஆண்டுப் போர்ட் வண்டி வார நாள்களிலே அவரது அன்றாடப் போக்குவரத்துக்கு உதவும். ஓட்ட நாளன்று ஏரிக்குச் சென்றதும் சேறுகாப்புகளையும் முன்கண்ணாடியையும் கழற்றி வைத்து ஓடும். மாலையில் அவற்றை மீண்டும் பூட்டிக்கொண்டு வீடு திரும்பும். 1941 இலே றொசமண்ட் ஏரியில் அவ்வண்டி மணிக்கு 121 மைல் வேகத்தை எட்டியது.

இதிலிருந்தே முதற் பாடம் விளங்கும். வேகம் பெற வழிகள் இரண்டு: ஒன்று வலுவைக் கூட்டுதல், மற்றது பாரத்தைக் குறைத்தல். வலுவைக் கூட்டப் பணம் வேண்டும். பாரத்தைக் குறைக்கத் துணிவு ஒன்றே போதும். ஆதலின் ஏழை இளைஞன் குறைத்தலிலிருந்தே தொடங்கினான்.

அடிமுதலாக ஒரு வண்டியை ஆக்கப் புகுவோன் இரும்பைத் தொடுமுன் ஒரு வினாவுக்கு விடைகாண வேண்டும். இவ்வண்டி எதற்கு? ஏரியில் நேராக ஓடவா, கால் மைல் தூரத்தைச் சில நொடிகளிற் கடக்கவா, அன்றி ஊர்த்தெருவிற் செல்லவா? விடை வேறாயின் வண்டியும் வேறாகும். அதன்பின் சில்லுகளுக்கிடையேயுள்ள தூரம், ஓட்டுபவர் அமரும் இடம், எஞ்சின் நிற்கும் இடம் ஆகியவற்றைத் தாளிலோ, கொட்டகைத் தரையிற் சோக்கட்டியாலோ வரைந்து கொள்வர். 1932 ஆம் ஆண்டுப் போர்ட்டிலே முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையேயுள்ள தூரம் 106 அங்குலம். அவ்வளவையே இன்றும் பலர் அடிப்படையாகக் கொள்கின்றனர்.

அடுத்தது அடிச்சட்டம். பழைய போர்ட்டின் சட்டம் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் போன்ற இரும்பு வளைகளால் ஆனது. சிறு எஞ்சினுக்கு அது போதும். வலிய எஞ்சினை ஏற்றினாலோ, அதன் முறுக்கு விசை சட்டத்தையே திருகிவிடும். ஆகவே திறந்த பக்கத்தைத் தகடு வைத்து மூடி வெல்டிங் செய்து, வளையைப் பெட்டிபோலாக்குவர். பெட்டி எளிதில் முறுகாது. ஆனால் வெல்டிங்கின் சூடு இரும்பை வளைக்கும் இயல்புடையது. அவசரக்காரன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மூச்சில் ஒட்டிவிட்டுச் சட்டம் கோணிக்கிடப்பதைக் கண்டு வருந்துவான். பழகியவன் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளியிட்டு ஒட்டி, ஆறவிட்டு, மூலைக்கு மூலை அளந்து பார்த்து, மீண்டும் ஒட்டுவான்.

எஞ்சினை வலுப்படுத்துவோர் பல வழிகளைக் கையாண்டனர். உருளைகளைக் கடைந்து அகலப்படுத்தினர். 1949 முதல் வந்த மேர்க்குரி வண்டியின் சுழல்தண்டை இட்டுப் பிஸ்டனின் ஓட்டத்தை 3¾ அங்குலத்திலிருந்து 4 அங்குலமாக்கினர். இவ்விரண்டினாலும் 239 கன அங்குல எஞ்சின் 276 கன அங்குலமாக வளர்ந்தது. ஒன்றிருந்த இடத்தில் இரண்டு காபுரேற்றர்களை வைத்தனர். தலைப்பாகத்தை இழைத்து அமுக்கத்தைக் கூட்டினர். எனினும் அவ்வெஞ்சினுக்கு உடன்பிறந்த குறையொன்று உண்டு. எரிந்த வாயு வெளியேறும் வழி, உருளைகளைச் சுற்றியுள்ள வார்ப்பினூடாகவே செல்கின்றது. அதனால் அச்சூட்டின் ஒரு பகுதி குளிர்நீரிற் சேரும். வலு கூடக் கூட நீரும் கொதிக்கும். எனவே பெரிய எஞ்சினுக்குப் பெரிய றேடியேற்றரும் தேவைப்பட்டது.

வண்டி கட்டுவோன் இவ்விடத்திலேதான் இக்கலையின் உயிர்நிலையை உணரத் தொடங்குகின்றான். ஒன்றை மாற்றினால் அது மற்றொன்றை மாற்றும்படி கேட்கின்றது. எஞ்சின் சட்டத்தைக் கேட்கின்றது. சூடு நீரைக் கேட்கின்றது. வேகம் பிறேக்கைக் கேட்கின்றது. இவற்றுள் இறுதியாகச் சொன்னதே உயிரோடு தொடர்புடையது. ஓடும் பொருளின் இயக்கச் சத்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பது பௌதிகம் பயிலும் மாணவன் அறிந்த விதி. 30 மைல் வேகத்தில் ஓடும் வண்டி 60 மைலை எட்டினால், அதனை நிறுத்தவேண்டிய பிறேக் நான்கு மடங்கு சத்தியை உட்கொள்ள வேண்டும். 120 மைலை எட்டினாற் பதினாறு மடங்கு. 1938 வரை போர்ட் வண்டிகளின் பிறேக் கம்பிகளாலும் கோல்களாலும் இயங்கியது. 1939 முதலே திரவ அமுக்கத்தால் இயங்கும் பிறேக் வந்தது. அறிவுடையோர் அப்புதிய பிறேக்கைத் தம் பழைய வண்டிகளிற் பொருத்தினர். அறிவற்றோர் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டுத் தெருவில் இறங்கினர்.

மேற்கூட்டைப் பொறுத்தவரை காற்றே பெரும்பகை. சிலர் கூரையைத் தாங்கும் தூண்களை அறுத்துக் கூரையைத் தாழ்த்தினர்; சிலர் அடித்தளத்தை வெட்டிக் கூட்டையே சட்டத்தின்மேற் பதித்தனர். பில் பேர்க் என்பார் இரண்டாம் உலகப் போரிலே பசிபிக் பகுதியிற் பணியாற்றியபோது, போர்விமானத்தின் அடியில் தொங்கவிடும் பெற்றோற் தாங்கிகளைக் கண்டார். நீர்த்துளி வடிவான அத்தாங்கி காற்றைக் கிழிப்பதற்கென்றே அமைந்தது. போர் முடிந்தபின் அத்தகைய தாங்கியொன்றை மலிவு விலைக்கு வாங்கி, 1946 இல் அதனையே வண்டியாக்கி, மணிக்கு 131 மைல் வேகத்தில் ஓட்டினார். அடுத்த வண்டிக்கு அதனினும் பெரிய தாங்கியைத் தேர்ந்து, எஞ்சினை ஓட்டுபவரின் முதுகுப்புறம் வைத்தார். கொல்லும் கருவியின் மிச்சம் விளையாட்டின் கருவியாயிற்று.

பகுதிகள் யாவும் ஆயத்தமானதும், வர்ணம் பூசாமலே முழு வண்டியையும் ஒருமுறை பூட்டிப் பார்ப்பர். சுக்கானைத் திருப்பினால் சில்லு எதிலும் உரசுகின்றதா, பிறேக் மிதியில் கால் தடையின்றிப் படுகின்றதா, கதவு மூடுகின்றதா என்று நோக்குவர். பின்னர் அனைத்தையும் மீண்டும் கழற்றுவர். மாதக்கணக்கில் உழைத்துப் பூட்டியதைத் தானே கழற்றுவது பொறுமைக்கு வைக்கும் சோதனை. அதனைத் தவிர்த்தவன், மினுங்கும் வர்ணத்தின்மேலே துளையிட நேர்ந்து பின்னர் வருந்துவான். வர்ணம் தீட்டி, மறுபடியும் பூட்டி, மின்கம்பிகளை இணைத்து, ஆணிகளுக்குப் பூட்டூசி இட்டபின்னரே எஞ்சின் உயிர்பெறும். முதல் ஓட்டம் மிக மெதுவானது. சிறிது தூரம் சென்று நிறுத்தி ஒவ்வோர் ஆணியையும் மீண்டும் இறுக்குவர்.

வண்டிக்குப் பொருந்திய விதி ஊருக்கும் பொருந்தியது. போருக்குப் பின் படையிலிருந்து திரும்பிய இளைஞர் கையில் கைத்தொழில் இருந்தது. சிறிது பணமும் இருந்தது. மியூறொக் ஏரியோ போர்க்காலத்திலேயே படையினர் வசமாகிவிட்டது. இளைஞர் சிலர் நகரத் தெருக்களையே பந்தயக் களமாக்கினர்; உயிர்கள் போயின. ஹொட் றொட்டுகளைத் தடைசெய்ய வேண்டுமென்ற குரல் எழுந்தது. வேகம் கூடிவிட்டது, அதற்கேற்ற பிறேக் ஊரில் இல்லை.

அப்பொழுது இளைஞர்தாமே அப்பிறேக்கைக் கட்ட முன்வந்தனர். 1948 தை மாதத்திலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் கண்காட்சி நடத்தித் தம் கைவண்ணத்தைப் பொதுமக்களுக்குக் காட்டினர். றொபேட் பீற்றர்சன் தொடங்கிய ‘ஹொட் றொட்’ சஞ்சிகையும் அம்மாதத்திலேயே பிறந்தது. 1949 இலே யூற்றா மாநிலத்துப் பொனவில் உப்புவெளி அவர்களுக்குத் திறக்கப்பட்டது. 1950 இலே சான்ரா ஆனா விமான நிலைய ஓடுபாதையிலே பந்தயங்கள் தொடங்கின. 1951 இலே வொலி பார்க்ஸ் தேசிய ஹொட் றொட் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் முதற் பந்தயம் 1953 இலே பொமோனாவில் உள்ளூர்ப் பொலிசாரின் ஆதரவோடு நடந்தது. 1954 முதல் அச்சங்கத்தார் நால்வர், வண்டியொன்றும் இழுவையொன்றும் கொண்டு ஊரூராகச் சென்று, பாதுகாப்பான பந்தயத்தை நடத்தும் முறையைக் கற்பித்தனர். ஓடுமுன் ஒவ்வொரு வண்டியும் சோதிக்கப்படும். பிறேக் சரியில்லாத வண்டி, எத்துணை வலியதாயினும், ஓட இடம்பெறாது. பகைவராயிருந்த இளைஞரும் பொலிசாரும் ஒரே பாதையோரத்தில் நின்றனர்.

இன்று இக்கலை எளிதாகியுள்ளது. 1932 ஆம் ஆண்டு வடிவிலே புத்தம்புதிதாகச் செய்த அடிச்சட்டங்களும் உருக்கு மேற்கூடுகளும் விலைக்குக் கிடைக்கின்றன. பழைய துருவைத் தொடாமலே ஒருவர் முழு வண்டியையும் கட்டிவிடலாம். எனினும் கட்டும் முறையின் உள்ளியல்பு மாறவில்லை. அளவை, பொறுமை, ஒன்றோடொன்று பொருந்தும் தன்மை ஆகியன கடையில் விற்கும் பொருள்கள் அல்ல.

வேகத்தை நாடுதல் இளமையின் இயல்பு. அதனைத் தடுத்து வெற்றி கண்டோர் இலர். தன் வண்டியைத் தானே கட்டிய இளைஞன், வேகத்தைத் தேடிச் சென்ற வழியிலேயே நிறுத்துதலின் அருமையையும் கண்டுகொண்டான். அவனுக்கு ஓடுவதற்குரிய இடத்தைக் கொடுத்த ஊர்களும் தம் தெருக்களிலே அமைதியைத் தேடிக்கொண்டன.