தங்கவயலும் கதிரவன் ஒளியும்

1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 148 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்ததை அவையினர் அறிவர். பெங்களூருக்கே அது 1905-இல்தான் கிட்டியது! ஆயினும் அது வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக. தமிழ்த் தொழிலாளரின் லைன் வீடுகளுக்காக அன்று.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் பல அங்கேயே தங்கின. மத்திய அரசு 2024-இல் தொடங்கிய கதிரொளித் திட்டம் சொந்தக் கூரை உடையோருக்கு மானியம் அளிக்கிறது. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் நிழலற்ற, உறுதியான பரப்பு தேவை. நெருங்கிய தகரக் கூரைகளில், அதுவும் வீட்டுரிமை அற்றோர்க்கு, இது எங்ஙனம் இயலும்?

வரிசைக்கொரு பொது நிலையம் அமைத்து, விளையும் மின்சாரத்தை வீட்டுக் கணக்குகளில் வரவு வைப்பதே தக்க வழி. இதற்கான நெறிகளைத் தில்லி 2019-இலேயே வகுத்தது. ஆனால், சயனைடு மேடுகளின் தூசு பறக்கும் ஊரில் தகடுகளைத் துடைக்கும் பொறுப்பு யாருடையது என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும்.