போர்க்குதிரையும் அதன் தீனியும்

யுத்த சரித்திரங்களைப் படிக்கையில் குதிரைமேல் அமர்ந்த வீரனையே நோக்கிப் பழகிவிட்ட நமக்கு, அவனைச் சுமக்கும் பிராணி எந்தத் தேசத்தில் பிறந்தது, எந்தக் கப்பலில் வந்திறங்கியது, அதற்குக் கொள்ளு வேகவைத்தவர் யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. அந்தக் கேள்வியையே அஸ்திவாரமாகக் கொண்டவர் சைமன் டிக்பி என்னும் ஆங்கிலேய சரித்திராசிரியர். தில்லி சுல்தான்களின் போர்க்குதிரையையும் யானையையும் குறித்து அவர் 1971-இல் வெளியிட்ட நூல், அளவில் சிறிதேயாயினும், வடமேற்கிலிருந்து குதிரையும் கிழக்கிலிருந்து யானையும் வந்த வழிகளைத் தம் கைக்குள் வைத்திருந்ததே அந்த ராஜ்யத்தின் பலம் என்பதை நிதானமாக எடுத்துக்காட்டுகிறது. வீரத்தைப் புகழ்வதைவிட இது கடினமான காரியம். என் மதிப்பில் மேலான காரியமும் இதுவே.

நூலின் மையம் தில்லியே. ஆனால் அதைப் படிக்கப் படிக்க என் மனம் பாண்டிய நாட்டுக் கரைக்கே திரும்பியது. பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும், அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்கள் என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். மணிவாசகப் பெருமான் அரசன் கொடுத்த பொருளோடு குதிரை வாங்கப் புறப்பட்டதும், நரிகள் பரிகளாகி, இரவோடிரவாக மீண்டும் நரிகளானதும் நாம் அறிந்த திருவிளையாடல். பக்தியின் கதையைச் சரித்திரக் கணக்காகச் சுருக்குவது தகாது; ஆயினும் பொன் கொடுத்து நிரப்பிய லாயம் விடியுமுன் வெறுமையாவதைக் கேட்ட அக்கால மக்களுக்கு அது முற்றிலும் அந்நியமான துயரமாக இருந்திராது என்றே எண்ணுகிறேன்.

புதுச்சேரி வாசிகளான நமக்கு இது தூரத்துச் செய்தியன்று. 1760 ஜனவரி 22-ஆம் நாள் வந்தவாசிக் களத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி தாமே நடத்திச் சென்ற குதிரைப்படை ஆங்கிலேயரின் பீரங்கி முன் சிதறிற்று. துணைக்கு வந்த மராட்டியக் குதிரைகளோ சண்டையில் இறங்காமல் ஒதுங்கி நின்றன. மராட்டியப் படைகளில் சிலேதார் என்போர் தம் சொந்தக் குதிரையோடு சேவகம் புரிந்தவர்கள், அது மாண்டால் ஜீவனமே போயிற்று என்பதை அறிந்தவனுக்கு, அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல நா எழாது.

பின்னர் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். தானியம் தீர்ந்தது. 1761 ஜனவரியில் கோட்டை சரணடைவதற்கு முன், யானை, ஒட்டகம் இவற்றோடு குதிரைகளும் நம் ஊர் மதிலுக்குள்ளேயே உணவுக்காக அறுக்கப்பட்டன.