காவல் மரமும் கன்னிமாரா தேக்கும்

    

கொங்கு நாட்டின் தெற்கெல்லையாக நிற்பது ஆனைமலை. அதன் மடியில், பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர் சென்றால் டாப்சிலிப் என்னும் வனப்பகுதி வருகிறது. அதனைக் கடந்து மேலும் உட்சென்றால் பரம்பிக்குளம். பரம்பிக்குளம் கேரள எல்லைக்குள் இருப்பினும், வண்டியில் செல்வோர் பொள்ளாச்சி வழியாகத்தான் அதனை அடைதல் இயலும். அங்கே தூணக்கடவுப் பகுதியில் நிற்கிறது கன்னிமாரா தேக்கு. உயிருடன் நிற்கும் தேக்கு மரங்களுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்று அது. அடிமரச் சுற்றளவு சுமார் 7 மீட்டர். உயரம் ஏறத்தாழ 40 மீட்டர். ஐவர் கைகோத்தால்தான் அதனைத் தழுவ முடியும். அகவை சுமார் 450 ஆண்டுகள் என மதிப்பிடுகின்றனர். தலைக்கோட்டைப் போர் நடந்தது 1565ஆம் ஆண்டில். விசயநகரம் சரிந்து, மதுரை நாயக்கர் தலையெடுத்த அந்தக் காலத்தை ஒட்டி முளைத்த விதை இன்றும் ஆண்டுதோறும் தளிர்க்கிறது. 1994-95ஆம் ஆண்டுக்குரிய 'மகாவிருட்ச புரஸ்கார்' என்னும் விருதினை இந்திய அரசு இம்மரத்திற்கு வழங்கியது.

இத்தகைய முதுமரங்களைக் காணவும், அவற்றின் நிழலில் ஓரிரவேனும் தங்கவும் மக்கள் இன்று பெருந்திரளாகச் செல்கின்றனர். அப்பயணம் எத்தகையதாக அமைதல் வேண்டும் என்பதைச் சங்க இலக்கியத்தின் துணைகொண்டு சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

சங்கப் பாடல்களில் மரம்

பழந்தமிழர் மரத்தை மூன்று நிலைகளில் வைத்துப் போற்றினர். முதலாவது, உறவு நிலை. நற்றிணையின் 172ஆம் பாடலில், விளையாட்டாக மணலில் புதைத்த விதை புன்னையாக முளைத்தது. நெய்யும் பாலும் பெய்து வளர்க்கப்பட்டது. அது உம்மினும் சிறந்தது, உமக்குத் தங்கை முறையினது என்று தாய் உரைத்தாள். அதனால் அதன் நிழலில் தலைவனோடு நகையாடத் தலைவி நாணுகிறாள் என்று தோழி கூறுகிறாள். இரண்டாவது, தெய்வ நிலை. மன்றத்து மராமரத்தில் உறையும் கடவுள் கொடியோரை ஒறுக்கும் என்னும் நம்பிக்கையைக் கபிலர் குறுந்தொகையின் 87ஆம் பாடலில் காட்டுகிறார். மூன்றாவது, அரச நிலை. வேந்தர்க்கு உரிய கடிமரம், அதாவது காவல் மரம், ஆட்சியின் அடையாளமாக விளங்கியது. பகைவர் அதனை வெட்டுவதே வெற்றியாயிற்று. புறநானூற்றின் 57ஆம் பாடலில் காரிக்கண்ணனார் பாண்டியன் நன்மாறனிடம், பகைவர் நாட்டை எவ்வாறு அழிப்பினும் அவர்தம் காவல் மரங்களை மட்டும் வெட்டாது விடுக என்று வேண்டுகிறார். போரின் நடுவிலும் மரத்திற்காகப் பரிந்து பேசிய புலவர் ஒருவர் இருந்தார் என்பது தமிழர்க்குப் பெருமை தருவதாகும்.

இம்மூன்று நிலைகளும் ஒன்றல்ல. உறவாகக் கருதப்பட்ட மரமும் தெய்வமாகக் கருதப்பட்ட மரமும் ஊரார் அனைவர்க்கும் பொது. காவல் மரமோ ஒருவனுக்கு மட்டும் உரிமையுடையது. இந்த வேறுபாட்டின் விளைவைக் கொங்கு மக்கள் ஒரு கதையாக இன்றும் போற்றி வருகின்றனர்.

நன்னனின் மாமரம்

டாப்சிலிப் செல்வோர் ஆனைமலை என்னும் ஊரின் அருகாகச் செல்கின்றனர். அங்கே கிடந்த கோலத்தில் காட்சி தருகிறாள் மாசாணியம்மன். நீதி கிடைக்கப்பெறாதோர் அக்கோயிலின் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடும் வழக்கம் தமிழகமெங்கும் அறியப்பட்டது. இத்தெய்வத்தின் வரலாற்றை நன்னன் என்னும் குறுநில மன்னனோடு இணைத்துக் கூறுவர்.

குறுந்தொகையின் 292ஆம் பாடலில் பரணர் அச்செய்தியைக் குறிப்பிடுகிறார். நன்னனின் காவல் மரமாகிய மாவின் காய் ஒன்று ஆற்றுநீரில் விழுந்து மிதந்து வந்தது. நீராடச் சென்ற பெண்ணொருத்தி அறியாது அதனை உண்டாள். அக்குற்றத்திற்கு ஈடாக எண்பத்தொரு களிறுகளும், அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையும் தர முன்வந்தபோதும் நன்னன் ஏற்கவில்லை, அவளைக் கொன்றான். பெண்கொலை புரிந்தவன் என்னும் பழி அவனை விட்டு நீங்கவே இல்லை. அதே பரணர் மற்றொரு பாடலில், கோசர் சூழ்ச்சி செய்து அந்த மாமரத்தை வெட்டி வீழ்த்தியதைச் சொல்கிறார்.

நன்னன் ஏழில்மலைப் பகுதியை ஆண்டவன் என்பதற்கு அகநானூற்றில் சான்று உண்டு. ஆயினும் கொங்கு மக்களின் வழக்கு அக்கதையை ஆழியாற்றங்கரைக்குக் கொண்டு வந்து நிறுத்தி, கொல்லப்பட்ட பெண்ணைத் தெய்வமாக்கியுள்ளது. வரலாற்று ஆய்வு ஒன்றைச் சொல்ல, மக்களின் நினைவு மற்றொன்றைச் சொல்கிறது. இரண்டுமே மதிக்கத்தக்கன. மரத்தைத் தன் பெருமையின் சின்னமாக மட்டும் கருதியவன் முதலில் ஒரு பெண்ணின் உயிரை அழித்தான். பின்னர் அம்மரத்தையும் இழந்தான். பரணரின் இரு பாடல்களையும் சேர்த்துப் படிப்போர் இதனை எளிதில் உணர்வர்.

கப்பலுக்குச் சென்ற காடு

இதே ஆனைமலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு வேந்தின் கோடரி விழுந்தது. பம்பாய்க் கப்பல் தளத்திற்குத் தேக்கு வேண்டும் என்பதற்காக 1848ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மைக்கேல் என்னும் படையதிகாரி இக்காடுகளின் பொறுப்பினை ஏற்றார். 1856ஆம் ஆண்டில் ஹியூ கிளெகார்ன் சென்னை மாகாணத்தின் காடு காப்பாளர் ஆனார். கப்பலுக்கும் இருப்புப் பாதைக்கும் எனத் தேக்குகள் சாய்ந்தன. வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடமே டாப்சிலிப் எனப் பெயர் பெற்றது. இன்று எழில் மிக்க உல்லாசத் தலமாக அறியப்படும் ஓர் ஊரின் பெயர், உண்மையில் ஒரு காடு வீழ்ந்த கதையின் பெயராகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குப் பணியாற்றிய ஹியூகோ உட் என்னும் வன அலுவலர் அழிந்த காட்டை மீட்க முனைந்தார். மரத்தை வேரோடு அகற்றாது, அடிக்கட்டையிலிருந்து மறுதளிர் விடச் செய்யும் முறையை அவர் கையாண்டார். நடைபயிலும்போது சட்டைப் பையில் தேக்கு விதைகளை வைத்திருப்பார் என்றும், கைத்தடியால் குழி செய்து விதையிட்டுச் செல்வார் என்றும் அப்பகுதி மக்கள் கூறுவர். 1933ஆம் ஆண்டில் மறைந்த அவர், தம் விருப்பப்படியே டாப்சிலிப்பில் தேக்கு மரங்களின் இடையே அடக்கம் செய்யப்பெற்றார். நினைவுச் சின்னத்தைத் தேடுவோர் சுற்றிலும் பார்க்கட்டும் என்னும் கருத்துடைய இலத்தீன் வாசகம் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

அவர் தொண்டு போற்றத்தக்கதே. எனினும் ஓருண்மையையும் மறத்தலாகாது. நட்ட தேக்குத் தோட்டம் வேறு. தானே தோன்றிய காடு வேறு. டாப்சிலிப்பை அடுத்துள்ள கரியன்சோலையில் நுழைவோர் இவ்வேறுபாட்டைக் கண்ணால் காண்பர். அங்கே ஒவ்வொரு மரமும் வேறு வேறு. கொடியும் காளானும் பாசியும் கலந்து வாழ்கின்றன. இருவாட்சிப் பறவையின் பெட்டை ஒரு பெருமரப் பொந்தினுள் புகுந்து, ஒரு சிறு பிளவை மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கிறது. ஆண் பறவை அப்பிளவின் வழியே இரையூட்டுகிறது. அத்தகைய பொந்து இளமரத்தில் அமைவதில்லை. மர வணிகர் குறையென ஒதுக்கும் பொந்தே ஒரு பறவைக் குலத்தின் வீடாகிறது. வெட்டிய மரத்திற்கு ஈடாகக் கன்று நட்டுவிட்டோம் என்று அமைதி கொள்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

கன்னிமார் காத்த மரம்

அத்தனை கோடரிகளுக்கும் இடையே கன்னிமாரா தேக்கு மட்டும் எவ்வாறு பிழைத்தது? அதனை வெட்ட முற்பட்டபோது மரத்திலிருந்து குருதி பீறிட்டது என்றும், அன்று முதல் பழங்குடி மக்கள் அதனைக் கன்னித்தெய்வமாக வழிபடத் தொடங்கினர் என்றும் கூறுவர். தேக்கின் இளந்தளிரைக் கசக்கிய விரல் செந்நிறம் பெறுவதை அறிந்தோர்க்கு இக்கதை பிறந்த வகை ஓரளவு புலனாகும். கொங்கு நாட்டின் வயலோரங்களிலும் நீர்நிலைக் கரைகளிலும் ஏழு கற்களை நட்டுக் கன்னிமார் என்று பொங்கலிடும் வழக்கம் உண்டு. மலையிலும் சமவெளியிலும் ஒரே தெய்வப் பெயர் வழங்குதல் கருதத்தக்கது.

அறிவியல் நோக்கில் இதனை நம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் சட்டங்களும் சரணாலயங்களும் பிறக்கும் முன்பே அம்மரத்தைக் காத்தது அந்நம்பிக்கைதான். காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் ஆகிய மக்கள் ஆனைமலையின் தொல்குடியினர். அவர்களுள் மலசர் பலர் கோழிகமுத்தி யானை முகாமில் தலைமுறை தலைமுறையாக யானைப் பாகர்களாக விளங்குகின்றனர். ஆனைமலை 2007ஆம் ஆண்டிலும் பரம்பிக்குளம் 2010ஆம் ஆண்டிலும் புலிகள் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டன. காப்பகத்தின் பெருமையைப் பேசும்போது அம்மக்களின் உரிமையையும் பேசுதல் அறமாகும். மரத்தின் பெயரால் மனிதரைத் துன்புறுத்திய நன்னனின் கதை மீண்டும் நிகழ்தல் கூடாது.

கடல் கடந்த செம்மரங்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் இதே வரலாறு உண்டு. அங்கு வளரும் செம்மரம் எனத்தக்க ரெட்வுட் மரங்களுள் ஒன்று, 'ஹைபீரியன்' எனப் பெயரிடப்பட்டது, 2006ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதன் உயரம் ஏறத்தாழ 116 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைக் காட்டிலும் அஃது ஏறக்குறைய இரு மடங்கு உயரமாகும். அவ்வகையின் பழங்காடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெட்டப்பட்டுவிட்டது. எஞ்சியவற்றைக் காக்க 1918ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது. 1968ஆம் ஆண்டில் ரெட்வுட் தேசியப் பூங்கா அமைந்தது.

வெட்டுவோரிடமிருந்து காத்த மரங்களைப் பின்னர்க் காண வருவோரிடமிருந்தும் காக்க வேண்டியதாயிற்று. 1881ஆம் ஆண்டில் 'வவோனா' என்னும் பெருமரத்தின் நடுவே வண்டி செல்லுமாறு குகை குடைந்தனர். அது காட்சிப் பொருளாகிப் புகழ் பெற்று, 1969ஆம் ஆண்டில் பனியின் சுமை தாங்காது வீழ்ந்தது. விண்ணளாவும் ரெட்வுட்டின் வேர்கள் நிலத்தில் ஆழமாகச் செல்வதில்லை. அகலப் பரந்து அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக் கிடக்கின்றன. மிதிபட்டு மண் இறுகினால் அவ்வேர்கள் நலிகின்றன. அதனால் 2022ஆம் ஆண்டில் ஹைபீரியன் நிற்கும் பகுதிக்குள் எவரும் செல்லலாகாது எனப் பூங்கா நிர்வாகம் தடை விதித்தது. அன்பு மிகுதியால் வந்த அடிகளும் ஒரு மரத்தை வருத்தும் என்பது இதனால் பெறப்படும்.

செல்வோர் கொள்ள வேண்டிய நெறி

டாப்சிலிப்பிலும் பரம்பிக்குளத்திலும் வனத்துறையின் தங்குமிடங்கள் உள்ளன; முன்பதிவு செய்து தங்கலாம். காட்டினுள் நடக்க விழைவோர்க்குப் பழங்குடி வழிகாட்டிகள் துணைவருவர். அவர்கள் சொல்லும் மரப் பெயர்களும் தேனடை, மழை, யானைத் தடம் பற்றிய செய்திகளும் எந்நூலிலும் முழுமையாக இல்லை. தமிழ் மாணவர் ஒரு குறிப்பேட்டுடன் சென்றால் அகராதியில் ஏறாத சொற்கள் பல கிடைக்கும். கோடையில் தீ அச்சம் உள்ள நாட்களில் அனுமதி நிறுத்தப்படுவதுண்டு; அதனைக் குறைகூறலாகாது. அடுப்பு மூட்டுதல், ஒலிபெருக்கி, நெகிழிப் பை ஆகிய மூன்றையும் மலையடிவாரத்திலேயே விட்டுச் செல்லுதல் வேண்டும். அருந்தெய்வத்திற்குப் படைப்பதுபோல் தேக்கிலையில் குவித்த சோற்றைப் பாணர்க்கு அளித்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. இலையில் உண்டு இலையை மண்ணுக்கே தந்த மரபினர், நெகிழித் தட்டை யானையின் வழியில் எறிந்து வருதல் தகுமா?

மேலும் ஒன்று. பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகளும் உடுமலையின் வயல்களும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் நீரால் செழிக்கின்றன. அந்நீரைத் தேக்கித் தருவது அணை மட்டுமன்று. மழையை உறிஞ்சிச் சிறுகச் சிறுக விடுக்கும் அந்தக் காடும் ஆகும். எனவே கொங்கு மக்கள் அம்மரங்களுக்கு விருந்தினர் அல்லர், கடன்பட்டவர்.

அக்கடனை மலையில் மட்டும் தீர்த்தல் இயலாது. கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலை நான்கு வழியாக விரிவடைந்தபோது, இருமருங்கும் நிழல் தந்து நின்ற பழம் புளியமரங்கள் வெட்டப்பட்டன. அவற்றிற்கு விருது இல்லை. தெய்வப் பெயரும் இல்லை. வழிப்போக்கர் இளைப்பாறிய மரங்கள் என்பதைத் தவிர வேறு சிறப்பும் இல்லை. அம்மரங்கள் இல்லாத சாலையில் விரைந்து சென்றுதான் இன்று கன்னிமாரா தேக்கைக் காண வேண்டியுள்ளது. தொலைவில் உள்ள ஒரு மரத்தை வணங்கி, வாயிலில் நின்ற நூறு மரங்களை இழத்தல் வழிபாடு ஆகாது.

சாலை விரிவும் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் வெட்டுமுன் ஊர் கூடி ஒருமுறை கேட்டல் வேண்டும். வேரோடு பெயர்த்து நடக்கூடியவற்றை நடுதல் வேண்டும். பள்ளிதோறும் அவ்வூரின் முதுமரங்களுக்குப் பெயரும் அகவையும் எழுதிய ஏடு ஒன்று இருத்தல் வேண்டும். வெற்றி பெற்ற வேந்தனிடம் காவல் மரத்திற்காகப் பேச ஒரு காரிக்கண்ணனார் அன்று இருந்தார். ஊர்தோறும் அவ்வாறு பேசுவோர் சிலரையேனும் உருவாக்குதல் இலக்கிய வட்டங்களின் பணிகளுள் ஒன்றாகட்டும்.