பாடம் கற்ற ஆசிரியை



மொழி தெரியாத ஊருக்குப் போனால் கடையில் உப்பு கேட்டு வாங்குவதே பெரும்பாடு. அப்படிப்பட்ட ஊரில், அந்த ஊர்க் குழந்தைகளுக்கே பாடம் சொல்லித் தர வேண்டும் என்றால்? நூறு ஆண்டுகளுக்கு முன்பு கடல் கடந்து வந்து ஒரு பெண் அந்த வேலையைச் செய்தார். இன்றைய பேச்சு அவரைப் பற்றியது.

அவர் பெயர் மார்கரெட் நோபிள். 1867-இல் அயர்லாந்து நாட்டில் பிறந்தார். பத்து வயதில் தந்தையை இழந்தார். படித்து முடித்து, 1884 முதல் இங்கிலாந்தில் ஆசிரியை வேலை பார்த்தார். விளையாட்டு, படம், கைவேலை இவற்றின் வழியாகத்தான் குழந்தை நன்றாகக் கற்கும் என்று அவர் நம்பினார். லண்டனுக்கு அருகே விம்பிள்டனில் சொந்தமாகப் பள்ளியும் நடத்தினார்.

1895-இல் லண்டனில் விவேகானந்தரைச் சந்தித்தார். இந்தியப் பெண்களுக்குக் கல்வி தர ஆள் தேவை என்று தெரிந்துகொண்டார். தான் போகலாம் என்று நினைத்தார். விவேகானந்தர் அவருக்கு ஆசை காட்டவில்லை. இங்கே என்னென்ன கஷ்டம் வரும் என்று 1897-இல் கடிதம் எழுதினார். வெயில் கடுமையாக இருக்கும், இங்கிலாந்தின் வசதிகள் கிடைக்காது, ஊர் மக்கள் சந்தேகப்படுவார்கள், வெள்ளைக்காரர்கள் பைத்தியம் என்பார்கள் என்றெல்லாம் எச்சரித்தார். எல்லாம் தெரிந்துதான் மார்கரெட் கப்பல் ஏறினார்.

1898 ஜனவரியில் கல்கத்தா வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 30. நிவேதிதா என்ற பெயர் அவருக்கு அந்த ஆண்டுதான் வந்தது.

பல ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர். ஆனாலும் வந்தவுடன் பள்ளியைத் திறந்துவிடவில்லை. முதலில் வங்காள மொழி படித்தார். மற்றவர்களுக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுத்தவர், தானே 'அ, ஆ' எழுதிப் பழகினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கவனித்தார்.

1898 நவம்பர் 13 அன்று பாக்பஜார் என்ற பகுதியில், ஒரு குறுகிய சந்தில் உள்ள வீட்டில் பள்ளி தொடங்கியது. இராமகிருஷ்ணரின் துணைவியார் சாரதா தேவி வந்து தொடங்கி வைத்தார். ஆனால் பள்ளி திறந்தால் போதுமா? பிள்ளைகள் வர வேண்டுமே! பெண் குழந்தைக்குச் சின்ன வயதிலேயே கல்யாணம் செய்து வைத்த காலம் அது. வெள்ளைக்காரப் பெண்ணோடு பழகினால் சாதி போய்விடும் என்று பயந்த காலமும் கூட. பெற்றோர் நம்பிக்கையோடு அனுப்பினால்தான் பிள்ளை வரும். அந்த நம்பிக்கையை நிவேதிதா கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெற்றார்.

1899-இல் கல்கத்தாவில் பிளேக் நோய் பரவியது. நிவேதிதா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிக் கூட்டினார். அதைப் பார்த்து வெட்கப்பட்ட வாலிபர்கள் தாங்களும் கூட்ட வந்தார்கள். நோய் கண்ட ஒரு குழந்தையைக் குடிசையில் மடியில் வைத்துக்கொண்டு அவர் பார்த்துக்கொண்டார். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. ஆனால் அந்நிய நாட்டுப் பெண் என்று விலகி நின்ற மக்கள் மனம் மாறத் தொடங்கினார்கள்.

இன்னொரு கஷ்டம் பணம். பள்ளி நடத்தக் கையில் காசு இல்லை. அந்த ஆண்டே பள்ளியை மூட வேண்டி வந்தது. நிவேதிதா சோர்ந்து போய் ஊர் திரும்பிவிடவில்லை. வெளிநாடுகளுக்குப் போய்ப் பள்ளிக்காக நிதி திரட்டினார். 1902-இல் திரும்பி வந்து பள்ளியை மறுபடியும் நடத்தினார். அமெரிக்காவில் ஆசிரியையாக இருந்த கிறிஸ்டின் என்பவர் துணைக்கு வந்தார். எழுத்தும் கணக்கும் மட்டும் அல்ல, படம் வரைதல், தையல், களிமண்ணில் பொம்மை செய்தல் எல்லாம் அங்கே பாடமாக இருந்தன.

ஒரு நாள் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கோட்டைக் காட்டி, இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர் என்று நிவேதிதா கேட்டார். பிள்ளைகள் 'லைன்' என்றார்கள். ஆங்கிலச் சொல் வேண்டாம், உங்கள் சொல்லைச் சொல்லுங்கள் என்றார். யாருக்கும் வாயில் வரவில்லை. அவர் விடவில்லை. கடைசியில் ஒரு சிறுமி 'ரேகா' என்றாள். நிவேதிதாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. 'ரேகா, ரேகா' என்று திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தார்.

தமிழில் 'கைரேகை' என்கிறோமே, அந்த ரேகைதான் வங்காளத்தில் ரேகா. ஆங்கிலம் அவருடைய தாய்மொழி. இருந்தும் பிள்ளைகளின் வாயிலிருந்து அவர்களின் சொல் வர வேண்டும் என்று காத்திருந்தார்.

1903-இல் பெரிய பெண்களுக்கும் வகுப்பு தொடங்கியது. கல்யாணமானவர்களும் விதவைகளும் வந்தார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்து எழுதப் படிக்கவும் தைக்கவும் கற்றார்கள். இன்று இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் உங்களைப் போலத்தான் அவர்களும்.

நம் பாரதியாரும் நிவேதிதாவைச் சந்தித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதா அவரைக் கேட்டாராம். பெண்ணைச் சமமாக நடத்த வேண்டும் என்ற எண்ணம் பாரதியார் மனத்தில் அப்போது ஆழமாகப் பதிந்தது. 1908-இல் வந்த தன் 'ஸ்வதேச கீதங்கள்' நூலை நிவேதிதாவுக்கே காணிக்கையாக்கினார்.

1911 அக்டோபர் 13 அன்று டார்ஜிலிங்கில் நிவேதிதா காலமானார். வயது 44 கூட நிறையவில்லை. அவர் தொடங்கிய பள்ளி கொல்கத்தாவில் இன்றும் நடக்கிறது.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவருக்கும், பக்கத்து ஊருக்குப் பாடம் நடத்தப் போகிறவருக்கும் நிவேதிதாவின் வாழ்க்கை ஒன்றைச் சொல்கிறது. கற்றுக்கொடுக்கப் போகும் இடத்தில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

கற்க வந்திருக்கும் உங்களுக்கும் ஒரு செய்தி உண்டு. வகுப்பில் புரியாத சொல் வந்தால் கூச்சப்படாதீர்கள். இதை எங்கள் ஊரில் இப்படிச் சொல்வோம் என்று உங்கள் சொல்லை எடுத்துச் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் அதற்காகத்தான் காத்திருப்பார்.