மார்கழியில் ஓர் ஐயர்



மார்கழியில் நம் தென்காசிப் பக்கத்து ஊர்களில் விடியற்காலை திருவெம்பாவைக்கு உரியது. இரவு, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போகும் கீத பவனிக்கு உரியது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஆய்க்குடி, சுரண்டை வட்டாரத்துச் சபைகளில் டோலக்கும் ஜால்ராவும் கிளம்பிவிடும். கூட்டத்தின் நடுவே மப்ளரும் டார்ச் லைட்டுமாக ஒருவர் நடந்துவருவார். அவர்தான் சேகரகுரு, கிறிஸ்தவப் போதகர். ஊருக்கு அவர் ‘ஐயர்’, அவர் மனைவி ‘ஐயரம்மா’. இந்த ஐயர் மார்கழியில் செய்கிற வேலையை ஒரு கலையாகவே எடைபோட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

சேகரம் என்றால் ஒரே கோயில் இல்லை, பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது. ஊருக்கு ஊர் சபை ஊழியர் இருப்பார். ஜெபம் நடத்துவார், பிரசங்கமும் செய்வார். திருவிருந்து பரிமாற மட்டும் குருப்பட்டம் பெற்றவர் வேண்டும். அதனால்தான் டிசம்பர் 25 ஐயருக்கு ஓட்டமாகிவிடுகிறது. ஒரு ஊரில் இருட்டோடு ஆராதனை தொடங்கும். ஆசீர்வாதம் கூறி முடித்ததும் அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் அடுத்த ஊர். வடகிழக்குப் பருவமழையும் சும்மா விடாது. 2024 டிசம்பரில் ஆய்க்குடியில் ஒரே நாளில் 31 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு வாரம் வந்தால் பவனி அட்டவணை முழுவதும் மாறிப்போகும். நடுவில் ஒரு முதியவர் இறந்துவிட்டால் மாலையில் அடக்க ஆராதனை, இரவில் அதே தொண்டையோடு பிறப்பின் பாட்டு.

என் கணக்கில் இந்தக் கலையின் உச்சம் பிரசங்க பீடத்தில் இல்லை. வீட்டு வாசலில் நடக்கும் அரை நிமிட ஜெபத்தில் இருக்கிறது. பாட்டு ஓய்கிறது. திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா தட்டை ஒதுக்கி, கத்திரியை அதன்மேல் வைத்துவிட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்கிறார். இப்போது ஐயர் வாய் திறக்க வேண்டும். துபாயில் இருக்கும் மகன் பெயர், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் பெயர், சர்க்கரைப் புண்ணோடு கட்டிலில் கிடக்கும் பெரியவர் பெயர் எல்லாம் அந்த அரை நிமிடத்தில் வந்தாக வேண்டும். நீட்டினால் கடைசி வீட்டுக்காரர்கள் தூங்கிவிடுவார்கள். சுருக்கினால், “நம்ம வீட்ல மட்டும் ஓட்டமா ஜெபிச்சிட்டுப் போயிட்டாவ” என்று மறுநாளே பேச்சு வரும். ஆடி, ஆவணியில் ஐயர் வீடு சந்திப்புக்குப் போனாரா, குருமனையிலேயே இருந்துவிட்டாரா என்பது மார்கழி ஜெபத்தில் தெரிந்துவிடும். அச்சடித்த ஜெபம் மாதிரி எல்லா வீட்டுக்கும் ஒரே வார்த்தைகளைச் சொல்கிறவரை நம் ஜனங்கள் மரியாதையாகவே காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆனால் மார்க் போட்டுவிடுவார்கள்.

இனி பாட்டு. கோயிலுக்குள் பாமாலை பொருந்தும். அது மேல்நாட்டு மெட்டு, புத்தகத்தைப் பிடித்து நின்று பாட வேண்டியது. தெருவுக்குக் கீர்த்தனைதான் சரி. முன்னால் போகிறவர் சரணத்தைப் பாட, புத்தகமே இல்லாத பிள்ளைகள் பல்லவியைப் பிடித்துக்கொள்ளும். நடையும் தாளமும் தானாகச் சேர்ந்துவிடும். இதில் நம் மண்ணுக்கு ஒரு பெருமையும் உண்டு. எத்தனையோ கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரோ தென்காசியை ஒட்டிய மேலகரத்துக்காரர். அந்தக் குறவஞ்சி வடிவத்தையே எடுத்து சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி செய்தார். இந்தப் பக்கத்துக் குறத்தி பெத்லகேம் வரை போய்க் குறி சொல்லிவிட்டாள்!

இப்போது லோடு ஆட்டோவில் பெரிய ஸ்பீக்கர், கீபோர்டு, ரிதம் பேட் என்று வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் தாத்தா ஆடுவதற்கு அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டு ஓய்ந்த பிறகும் மெஷின் ஓய்வதில்லை. வாசலில் ஐயர் யார் பெயரைச் சொன்னார் என்பது வீட்டுக்காரருக்கே கேட்பதில்லை. பாடத் தெரிந்த பெரியவர்களும் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடக்கிறார்கள்.

ஆண்டின் கடைசி இரவு வேறு ரகம். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்து, வேத வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை கொடுத்து, கடவுளோடு உடன்படிக்கை எடுக்கிற ஆராதனை அது. அந்த உடன்படிக்கைக்கு வேர் லண்டனில் இருக்கிறது. 1755-ல் ஜான் வெஸ்லி தம் மெதடிஸ்டுகளுக்காக உடன்படிக்கை ஆராதனையைத் தொடங்கினார். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கன் வழியில் வந்த திருநெல்வேலிச் சபைகளும் மெதடிஸ்டுகளும் ஒரே குடும்பமானார்கள். இன்று அந்த இரவில் நம் ஊர்க் கோயில்களில் நிற்க இடம் கிடைக்காது.

சபைக் கமிட்டிக்காரர்களுக்கும் வாலிபர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் ஒரு தெருவுக்காவது ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, டோலக்கும் ஜால்ராவுமாகப் போய்ப் பாருங்கள். ஐயர் ஜெபிக்கும் அரை நிமிடம் அவற்றையும் கீழே வைத்துவிடுங்கள்.