பேசுவது ஆள் இல்லை

மதியம் அம்மா சற்றுக் கண்ணயர்கிறார். போன் அடிக்கிறது. “வணக்கம்மா, கடன் வேணுங்களா?” கனிவான குரல். “வேணாம்ப்பா” என்றால், அதற்கும் பொறுமையாகப் பதில் வருகிறது. அந்தப் பக்கம் ஆள் இல்லை. செயற்கை நுண்ணறிவு பேசுகிறது. ஒரே நேரத்தில் பல பேரிடம் பேசும், களைக்காது. நம் வீட்டுப் பெரியவர்களோ, பாதியில் வைத்தால் மரியாதையில்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அதுதான் கவலை. ஆள் இல்லை, தயங்காமல் வையுங்கள். 140 என்று தொடங்கும் எண், விளம்பரத்துக்கென்றே ஒதுக்கியது. விளம்பர அழைப்பே வேண்டாமா? உங்கள் போனிலிருந்தே 1909-ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள். கட்டணமில்லை. பதிந்த பிறகும் தொல்லை தொடர்ந்தால், புகாருக்கும் அதே எண்தான். 1909.